கிஸ்ஸாஉம் கியாரும்: வேளாங்கண்ணி மணலில் வெள்ளரி

அல்பகரா அத்தியாயத்தின் 61ஆம் வசனத்தைப் பாடமாக நடத்தும் ஆசிரியர் எவரும் ஐந்து விளைபொருள்களின் பெயர்களைக் கடந்தாக வேண்டும். மன்னு, ஸல்வா என்னும் ஒரே உணவில் சலிப்புற்ற பனூ இஸ்ராயீல் மக்கள், மண் விளைவிக்கும் பொருள்களைத் தங்களுக்காக இறைவனிடம் கேட்குமாறு நபி மூஸா (அலை) அவர்களிடம் முறையிட்ட இடம் அது. கீரை, கிஸ்ஸாஉ, ஃபூம், பருப்பு, வெங்காயம் என்று அவர்கள் பட்டியலிடுகின்றனர். ஃபூம் என்பது கோதுமையா, பூண்டா என்று முஃபஸ்ஸிர்கள் பக்கம் பக்கமாக வாதிட்டிருக்கின்றனர். கிஸ்ஸாஉ பற்றி அத்தகைய வாதம் இல்லை. தமிழ் மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் அதனை வெள்ளரிக்காய் என்றே தருகின்றன. நாமும் இருபத்தைந்து ஆண்டுகளாக வெள்ளரிக்காய் என்று சொல்லி அடுத்த சொல்லுக்குச் சென்று கொண்டிருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், தோப்புத்துறைப் பக்கத்திலிருந்து ஓதவந்த ஒரு மாணவர் அந்த இடத்தில் நம்மை நிறுத்தினார். "ஹஜ்ரத், எந்த வெள்ளரி?" என்று கேட்டார். அவர் தந்தையார் வேளாங்கண்ணிக்குத் தெற்கே மணற்கொல்லையில் குத்தகைக்குப் பயிர் செய்பவர். தங்கள் வீட்டில் இரண்டு விதை வைத்திருப்பதாகவும், ஒன்றின் பிஞ்சு தொட்டால் முள் உறுத்தும், மற்றதன் பிஞ்சு பூனைமயிர் போல மெத்தென்று இருக்கும் என்றும், இரண்டையும் ஒரே கூடையில் இட்டு வெள்ளரி என்றே விற்பதாகவும் அவர் சொன்னார். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. ஆனால் அந்த வினா நகைப்புக்குரியதன்று. மேலும் அது பிற்காலத்தில் நாம் அளித்த ஒரு ஃபத்வாவையே உரசிப் பார்க்க வைத்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதலில் தாவரத்தை நோக்குவோம். முள் உறுத்தும் பிஞ்சு, தாவரவியலார் குக்குமிஸ் சட்டைவஸ் எனக் குறிக்கும் மெய்யான வெள்ளரி. நம் ஊர்களில் சிலர் இதனை முள்வெள்ளரி என்பர். மெத்தென்ற மயிர் படர்ந்த பிஞ்சு குக்குமிஸ் மெலோ என்னும் முலாம்பழ இனத்தைச் சேர்ந்தது. வடநாட்டார் கக்ரி என்றும் நம்மவர் கக்கரி என்றும் வழங்கும் நீண்ட காய் இவ்வினத்தது. வெயிற்காலத்தில் பாளம் பாளமாக வெடித்து, சர்க்கரை தூவி உண்ணப்படும் வெள்ளரிப்பழமும் இதே இனம்தான். பிஞ்சாக இருக்கையில் கடைத்தெருவில் இவற்றை வேறுபடுத்துவது கடினம். ஆயினும் வெள்ளரியின் உயிரணுவில் 14 நிறப்புரிகள், முலாம்பழத்தின் உயிரணுவில் 24. ஒன்றன் மகரந்தம் மற்றொன்றில் பட்டாலும் காய் பிடிக்காது. ஒரே குடும்பத்தில் பிறந்து உறவு கலவாத இரு கிளைகள் இவை எனலாம்.

தமிழும் மலையாளமும் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது வியப்பாகத் தோன்றலாம். கேரளத்தார் விஷுக் கணியில் வைக்கும் பொன்னிறக் கணிவெள்ளரி முலாம்பழ இனத்தது. புவிசார் குறியீடு பெற்ற கொடுங்கல்லூர்ப் பொட்டுவெள்ளரியும் அவ்வாறே. உண்பவனுக்கு வேண்டுவது நீரும் குளிர்ச்சியும். அவ்விரண்டையும் தரும் காய்க்கு ஒரு பெயர் போதும் என்று நம் முன்னோர் விட்டுவிட்டனர். வாணிகமும் மருத்துவமும் அவ்வாறு விடுவதில்லை. யூனானி மருந்துக் கடைக்குச் சென்று சர்பத்தே பஸூரீயின் சேர்மானத்தைப் பார்ப்போர், அதில் துக்மே கியாரைன் என்னும் பெயரைக் காணலாம். அரபு இலக்கணம் தொடக்கநிலை மட்டும் படித்தவரும் 'ஐன்' என்னும் விகுதி இருமையைக் குறிப்பது என அறிவர். இரு கியார்களின் விதை என்பது அதன் பொருள்: ஒன்று வெள்ளரி, மற்றொன்று கக்கரி. ஹகீம்கள் தம் பொட்டலத்தின் மேல் எழுதும் இவ்விகுதி, தமிழ் மறந்துபோன ஒரு வேறுபாட்டை இன்றளவும் காத்து வருகிறது.

அரபியில் இவை இரு சொற்கள். கிஸ்ஸாஉ என்பது தொன்மையான செமித்திய சொல். தவ்ராத்தில் இதே நிகழ்ச்சி கூறப்படும் இடத்தில் வரும் எபிரேயச் சொல்லும் இதன் உடன்பிறப்பே. கியார் என்பதோ பாரசீகத்திலிருந்து வந்தது. ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டின் மொழிநூலார் ஜவ்ஹரீ (ரஹ்) தம் ஸிஹாஹ் அகராதியில் கியார் என்பதற்குக் கிஸ்ஸாஉ என்று பொருள் எழுதிவிட்டு, அஃது அரபுச் சொல் அன்று என்றும் குறித்துள்ளார். ஓர் அயற்பொருள் அயற்பெயருடன் வந்து சேர்ந்து, பழைய பெயருடைய உள்ளூர்ப் பொருளின் அருகில் அமர்ந்ததை அந்தச் சிறு குறிப்பில் காண்கிறோம். (வணிகச் சட்டத்தில் வரும் கியார், அதாவது ஒப்பந்தத்தை உறுதிசெய்யவும் முறிக்கவும் உள்ள தெரிவுரிமை, எழுத்தால் ஒன்றாயினும் வேரால் வேறு. முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் 'கியாருல் மஜ்லிஸ்' என்பதை அவை வெள்ளரி என்று மொழிபெயர்த்து மகிழ்வது நம் கல்லூரிகளின் பழைய வழக்கம்.)

எனில் நபி மூஸா (அலை) காலத்து மிஸ்ரில் வெள்ளரி இருந்ததா? அமெரிக்க, இஸ்ரேலியத் தோட்டக்கலை வரலாற்றாசிரியர்களான ஜானிக், பாரிஸ் ஆகியோர் இவ்வினாவைத் தனியே ஆராய்ந்துள்ளனர். எகிப்தியக் கல்லறைச் சித்திரங்களில் தென்படும் நீண்ட, வரியோடிய காய்கள் பாம்பு போல் வளையும் முலாம்பழ வகையே என்பதும், உரோமப் பேரரசர் தைபீரியஸ் ஆண்டு முழுதும் வேண்டுமென வளர்ப்பித்த காயும் அதுவே என்பதும் அவர்கள் 2008இல் வெளியிட்ட முடிவு. வெள்ளரியின் தாயகம் நம் நாடு. இமயமலை அடிவாரத்தில் அதன் காட்டு மூதாதை இன்றும் கசப்புக் காய்களுடன் படர்கிறது. மத்தியதரைக் கடற்கரைக்கு அது சென்று சேர்ந்தது மிகப் பிற்காலத்தில். ஆகவே வசனத்தில் வரும் கிஸ்ஸாஉ கக்கரியே. இன்று எகிப்திலும் ஃபலஸ்தீனிலும் ஃபக்கூஸ் என்ற பெயரில் விற்கும் காய் அதன் வழித்தோன்றல். மானாவாரியாகவே விளையும் அதனைப் பெத்லஹேம் பகுதி விவசாயிகள் கோடைதோறும் சந்தைக்குக் கொணர்கின்றனர்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பழுத்த ஈரப் பேரீச்சையுடன் கிஸ்ஸாஉ உண்ணக் கண்டதாக அப்துல்லாஹ் பின் ஜஅஃபர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் திருமணத்துக்கு முன் மெலிந்திருந்தபோது, உடல் தேறுவதற்காக அவர்தம் தாயார் அளித்தது இவ்விரண்டுமே என அபூதாவூத், இப்னு மாஜா நூல்கள் கூறுகின்றன. இப்னுல் கையிம் (ரஹ்) தம் திப்புன் நபவீயில் ஒன்றன் வெம்மையை மற்றதன் தண்மை சமன் செய்வதாக விளக்குகிறார். இவற்றை மொழிபெயர்க்கையில் வெள்ளரி என்று எழுதுவது குற்றமாகாது. தமிழ்ச் சொல் இரண்டையும் அடக்குகிறது. ஆனால் மளிகைக்கடை இஃப்தார்ப் பொட்டலத்தில் பேரீச்சையுடன் சாலட் வெள்ளரியை வைத்து 'சுன்னத்தான இணை' என அச்சிட்டிருந்ததைக் கண்டபோது, மாணவரின் வினா மீண்டும் காதில் ஒலித்தது.

வெள்ளரியின் மேற்கு நோக்கிய பயணத்தில் முஸ்லிம்களின் பங்கு பெரிது. பாரிஸும் அவர்தம் துணையாசிரியர்களும் 2012இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, அது ஐரோப்பாவை அடைந்த வழிகள் இரண்டு என்கிறது. ஒன்று பாரசீகத்திலிருந்து தரைவழியே கிழக்கு ஐரோப்பாவுக்குச் சென்றது. மற்றது இஸ்லாமிய உலகின் வழியே அந்தலூஸை அடைந்தது. கி.பி. 12ஆம் நூற்றாண்டில் இஷ்பீலியாவில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் தம் கிதாபுல் ஃபிலாஹாவில் கிஸ்ஸாஉ வேறு, கியார் வேறு என்று தெளிவாகப் பிரித்து இரண்டின் பயிர்முறையையும் எழுதியுள்ளார். மாலகாவில் பிறந்து திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார், அவருக்கு முன் இப்னு ஸீனா ஆகியோரின் மருந்துநூல்களிலும் இரண்டுக்கும் தனித்தனி இடமுண்டு. தரைவழிச் சென்ற கிளை வேறொரு பெயர் சூடிக்கொண்டது. பைஸாந்தியக் கிரேக்கத்தின் அங்கூரியோன், ஸ்லாவிய மொழிகளைக் கடந்து டச்சுக்காரர் நாவில் மாறி, ஆங்கிலத்தில் கெர்கின் ஆயிற்று. அந்தக் கெர்கின் என்ற பெயருடனேயே அது தாயகத்துக்குத் திரும்பியது. 1990களின் தொடக்கத்தில் கருநாடகத்தில் தொடங்கி, தமிழகத்துக்கும் ஆந்திரத்துக்கும் பரவிய ஒப்பந்தப் பயிர் அது. வினிகரிலும் உப்புநீரிலும் ஊறி, உருளைத் தொட்டிகளிலும் கண்ணாடிக் குப்பிகளிலும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்கிறது. 2020-21ஆம் ஆண்டில் 2,23,515 டன் ஏற்றுமதியாகி 22 கோடி டாலருக்கு மேல் ஈட்டியதாகவும், ஏறத்தாழ 90,000 சிறு விவசாயிகள் இதில் ஈடுபட்டிருப்பதாகவும் நடுவணரசின் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் அறிவித்தது. விதையும் உரமும் நிறுவனம் தரும், விலை முன்பே பேசப்படும், விரலளவைக் கடந்த காய் கழித்துக்கட்டப்படும்.

வேளாங்கண்ணி மணல் இந்தக் கணக்குகளில் எதிலும் வருவதில்லை. தஞ்சைத் தரணி என்றவுடன் நெல்வயல் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் காவிரியின் நீர் கடைமடைக்கு வந்து நின்றுவிடும் இடத்தில், கடலுக்கும் களிமண்ணுக்கும் இடையே ஒரு மணல் வரம்பு வடக்குத் தெற்காக ஓடுகிறது. நாகைக்குத் தெற்கே தெற்குப் பொய்கைநல்லூர், வேளாங்கண்ணி, பிரதாபராமபுரம், பூவைத்தேடி, காமேஸ்வரம், விழுந்தமாவடி என்று அவ்வரம்பின் மீது ஊர்கள் கோத்திருக்கின்றன. அங்கே நெல் இல்லை. மா, தென்னை, சவுக்கு, பூ, நிலக்கடலை, காய்கறி ஆகியவைதாம். மேட்டூர் அணை திறந்தாலும் மூடினாலும் இவ்வூர்களின் கொல்லைகளுக்கு நேரடியாக எதுவும் இல்லை. அவற்றின் நீர் காலடியில் உள்ளது.

அந்நீரின் இயல்பை அறிந்தாலன்றி இப்பயிரை அறிய இயலாது. மழைநீர் மணலில் இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் இலேசு, கடல்நீர் கனம் என்பதால் இரண்டும் உடனே கலப்பதில்லை. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இறங்கியிருக்கும் என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுப் பொறியாளர் கைபன் கண்டறிந்து, பின்னர் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க் உறுதிசெய்த கணக்கு. இக்கணக்கைத் திருப்பிப் பார்த்தால் அச்சம் பிறக்கும். மேலே ஓர் அடி இறைத்துவிட்டால் கீழே 40 அடிக்கு உப்பு ஏறிவரும். இப்பக்கத்து உழவர் எந்த நூலும் படிக்காமல் ஆழம் குறைந்த குட்டை தோண்டி, குடத்தால் முகந்து, செடியின் தூரில் மட்டும் ஊற்றினர். ஊறுவதை மட்டும் எடுப்பது என்பதே அம்முறையின் உயிர்.

மார்கழி மழை ஓய்ந்ததும் மணலில் குழி எடுத்து, மட்கிய சாணமும் ஆட்டெருவும் இட்டு, ஊறவைத்த விதையை ஊன்றுவர். காற்றில் பறக்கும் மணல் இளங்கொழுந்தை அறுத்துவிடாதபடி தென்னோலைத் தடுப்பு நிற்கும். காலையும் மாலையும் குடநீர். முதலில் ஆண்பூக்கள் பூத்து உதிரும். அறியாதவர் பயிர் பொய்த்தது என்று கலங்குவர். சில நாட்களில் அடியில் பிஞ்சுடன் பெண்பூ வரும். விதைத்து 40, 45 நாளில் முதல் பறிப்பு. அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாளோ, இருநாள் விட்டோ பறித்துக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு காய் முற்றிவிட்டால் கொடி தன் வேலை முடிந்தது என்று எண்ணிக் காய்ப்பைக் குறைத்துக்கொள்ளும். 80, 85 நாளில் கொடி ஓய்ந்துவிடும். ஆதலின் வெள்ளரி ஒரு விளைச்சல் அன்று. பத்துப் பன்னிரண்டு சிறு விளைச்சல்களின் தொடர். இந்தத் தன்மையை வாசகர் மனத்தில் இருத்த வேண்டுகிறோம். ஃபுகஹாக்கள் கைவைத்த இடம் இதுவே.

மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் வேளாங்கண்ணிப் பேருந்து நிலையத்திலும் மாதா கோயில் தெருக்களிலும் கூடையில் பிஞ்சு அடுக்கி, நடுவே கீறி மிளகாய்த்தூள் உப்புத் தடவி விற்போரைக் காணலாம். அவர்களுள் நம்மவரும் உண்டு. நாகூர்க் கந்தூரிக்கு வருவோர் ஒருவகை, மாதா கோயிலுக்கு வருவோர் ஒருவகை என்று கூடைக்காரர் பார்ப்பதில்லை. தாகம் எல்லார்க்கும் ஒன்று.

இம்மணல் மூன்று பெரும் சோதனைகளைக் கண்டது. முதலாவது 1990களின் இறால் பண்ணைகள். அக்காலத்தில் இம்மாவட்டம், 1991இல் தஞ்சையிலிருந்து பிரிக்கப்பட்டு, நாகை காயிதே மில்லத் என்னும் பெயர் தாங்கியிருந்தது. கடல்நீரை உள்நிலத்துக்கு ஏற்றித் தேக்கிய பண்ணைகளால் குடிநீரும் விளைநிலமும் உப்பாவதை எதிர்த்து சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். 11.12.1996 அன்று வந்த தீர்ப்பு கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துப் பண்ணைகளை அகற்றுமாறு ஆணையிட்டது. 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய கடலோர நீருயிர் வளர்ப்புச் சட்டம் அத்தீர்ப்பின் வலிமையைப் பெரிதும் குறைத்துவிட்டது என்பதே நம் கருத்து.

இரண்டாவது 26.12.2004 ஆழிப்பேரலை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணியில் மாண்டவருள் பெரும்பகுதியினர் யாத்திரிகர். அதனைப் பற்றி எழுத ஈண்டு இடமில்லை, மனமும் இல்லை. மணலைப் பற்றி மட்டும் சொல்வோம். களிமண் வயல்களில் தங்கிய உப்பு நீங்கக் காலம் பிடித்தது. மணற்கொல்லைகளிலோ மழை உப்பைக் கழுவி விரைவில் இறக்கிவிட்டது. மூன்றாவது 16.11.2018 அன்று நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல். தென்னையும் மாவும் வீழ்ந்தன. தலைமுறை மரங்களை இழந்தவர் கைக்கு, மூன்று மாதத்தில் காசு தரும் கொடிப்பயிர் துணையாயிற்று.

இனி ஃபிக்ஹு நூல்களுக்கு வருவோம். அரபியில் வெள்ளரித் தோட்டத்துக்கு மக்ஸஆ என்று தனிப்பெயர் உண்டு. பன்மையில் மகாஸீ. இதனை மொத்தமாக விற்கலாமா என்பது இமாம்களின் பழைய வாதங்களுள் ஒன்று. இமாம் மாலிக் (ரஹ்) முவத்தாவில், காய் உண்ணத் தகும் நிலை தோன்றிவிட்டால் தோட்டத்தை விற்கலாம், கொடி ஓயும்வரை முளைப்பதெல்லாம் வாங்கியவர்க்கு என்கிறார். மக்கள் வழக்கில் அதன் காலம் அறியப்பட்டது என்பது அவர் காட்டும் காரணம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) உம்மு நூலில் இதனை வன்மையாக மறுக்கிறார். இன்று கொடியில் இருப்பது ஒரு பொருள், நாளை முளைப்பது வேறு பொருள், இல்லாததை விற்பது எங்ஙனம் என்பது அவர் கேள்வி. ஹனஃபீ மத்ஹபின் பொதுச் சட்டமும் மறுப்பின் பக்கமே. நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த இப்னு தைமிய்யா (ரஹ்), இப்னுல் கையிம் (ரஹ்) ஆகியோர் மாலிக்கின் பக்கம் சாய்ந்தனர். பறிப்புக்குப் பறிப்பு விலை பேசுவதென்றால் எந்தத் தோட்டக்காரரும் வாழ முடியாது என்பது அவர்கள் நோக்கு.

ஸகாத்திலும் வெள்ளரி இரு மத்ஹபுகளைப் பிரிக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் சேமித்துவைத்து உணவாகும் தானியத்துக்கும், பேரீச்சைக்கும் திராட்சைக்குமே கடமை. காய்கறிக்கு இல்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) மண் விளைவிப்பது எதுவாயினும் உஷ்ரு உண்டு என்றார். அவர்தம் மாணவர் இருவரும் ஓராண்டு கெடாது நிற்கும் பொருளுக்கே என்று வேறுபட்டனர். கடலோரத்துத் தமிழ் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபிஈக்கள், உள்நாட்டுத் தஞ்சையில் ஹனஃபீக்கள் மிகுதி. அடுத்தடுத்த இரு கொல்லைகளில் ஒருவர் வெள்ளரியில் பத்தில் ஒன்றோ இருபதில் ஒன்றோ எடுத்துவைக்க, மற்றவர் எதுவும் எடுக்காமல் இருப்பார். இருவரும் தம் இமாமைப் பின்பற்றியவரே.

இங்குதான் நம் ஃபத்வாவைப் பற்றிச் சொல்லவேண்டியுள்ளது.

2023 பிப்ரவரித் தொடக்கத்தில் இலங்கை வழியே கடந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தால் டெல்டாவில் பருவம் தவறிய பெருமழை பெய்தது. அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்ததைச் செய்தித்தாள்கள் எழுதின. வெள்ளரியை யாரும் எழுதவில்லை. சில நாட்கள் கழித்துக் கூடை வியாபாரி ஒருவரும், மூன்று மா மணற்கொல்லை வைத்திருக்கும் நிலத்துக்காரர் ஒருவரும் நம்மிடம் வந்தனர். இருவரும் ஒரே ஜமாஅத்தார். வியாபாரி மனைவியின் நகையை அடகு வைத்து, பருவம் முழுதும் காய்ப்பதைத் தாமே பறித்துக்கொள்வதாக 36,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தார். இரண்டு பறிப்பு எடுத்தார். மழையில் பூவும் பிஞ்சும் உதிர்ந்து கொடி அழுகிவிட்டது. பணத்தைத் திரும்பக் கேட்பது ஆகுமா என்பது அவர் வினா.

நாம் ஜாஇஹா, அதாவது விளைச்சலைத் தாக்கும் பேரிடர் பற்றிய சட்டத்தை எடுத்துரைத்தோம். பேரிடர் தாக்கியபின் விற்றவர் விலையை எடுப்பது தகாது என்னும் கருத்தில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உண்டு. இமாம் மாலிக் (ரஹ்) கனிகளில் மூன்றிலொரு பங்கோ அதற்கு மேலோ அழிந்தால் விலையைக் குறைக்கவேண்டும் என்கிறார். ஷாஃபிஈ மத்ஹபின் புதிய கருத்தில், தோட்டம் ஒப்படைக்கப்பட்டபின் நேரும் அழிவு வாங்கியவர் பொறுப்பு. விற்றவர் விட்டுக்கொடுத்தல் நன்று, கடமை அன்று. வாங்கிய கனிகளில் நட்டமடைந்து கடனாளியான ஒருவருக்குத் தருமம் செய்யுமாறு அண்ணலார் (ஸல்) மக்களைப் பணித்த செய்தியை அதற்குச் சான்றாகக் காட்டுவர். நாம் ஷாஃபிஈ. ஆகவே நட்டம் வியாபாரிக்கு என்றோம். நிலத்துக்காரரிடம் இயன்றதை விட்டுக்கொடுங்கள் என்று பரிந்துரைத்தோம். அவர் பார்க்கலாம் என்றார். வியாபாரி ஸலாம் சொல்லிவிட்டுச் சென்றார். ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை.

ஈராண்டு சென்றபின், இக்கட்டுரைக்காகக் கிஸ்ஸாஉ வரும் இடங்களைத் தேடித் தொகுத்துக் கொண்டிருந்தோம். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜுத் தாலிபீனில் கனி விற்பனைப் பகுதியைத் திறந்தோம். ஒப்படைத்தபின் அழிந்தால் வாங்கியவர் பொறுப்பு என்று நாம் அன்று சொன்ன சட்டம் அங்கே இருந்தது. அதற்குச் சில வரிகள் கீழே, ஒன்றன்பின் ஒன்றாக முளைத்துப் பழையதும் புதியதும் கலந்துவிடும் விளைபொருளை விற்பது பற்றிய சட்டம். இருப்பதை உடனே பறித்துவிடுவதாக வாங்குபவர் நிபந்தனை ஏற்றாலன்றி அவ்விற்பனை செல்லாது என்கிறார் இமாம். அதற்கு அவர் தரும் எடுத்துக்காட்டுகள் இரண்டு. ஒன்று அத்திப்பழம். மற்றது கிஸ்ஸாஉ.

எத்தனையோ முறை நடத்திய பாடம். அச்சொல்லை வெள்ளரி என்று மொழிபெயர்த்துவிட்டு, அத்தியும் வெள்ளரியும் ஏன் ஓரிடத்தில் நிற்கின்றன என்று ஒருமுறையும் கேட்டதில்லை. முன்பணம் கைமாறிய நாளில் அந்தக் கொடிகளில் பூ மட்டுமே இருந்தது என்று வியாபாரியே நம்மிடம் கூறியிருந்தார். விற்பனையே செல்லாதபோது, செல்லும் விற்பனைக்குரிய அழிவுச் சட்டத்தை நாம் அதன்மேல் ஏற்றிவிட்டோம். நம் மத்ஹபின்படியே, வியாபாரி எடுத்த இரு பறிப்பின் சந்தை மதிப்பைக் கழித்து, எஞ்சிய பணம் அவருடையது. மழை பெய்த அன்று கொடியில் நின்ற பிஞ்சுகள் யார் பொறுப்பு என்பதில் மட்டும் வாதத்துக்கு இடமுண்டு. மாலிக்கிடம் போயிருந்தாலும் அவருக்குப் பணத்தின் ஒரு பகுதி கிடைத்திருக்கும். இரு இமாம்களும் வெவ்வேறு வாயில்கள் வழியே அவருக்குத் தர இருந்ததை நாம் தடுத்துவிட்டோம்.

இத்தகைய ஒப்பந்தம் கூடவே கூடாது என்பதன்று. ஸலம் என்னும் முன்பண விற்பனை நம் மத்ஹபில் உண்டு. வகை, அளவு, தரம், கொடுக்கும் நாள் ஆகியவற்றை வரையறுத்து முழுவிலையையும் அந்த அமர்விலேயே கொடுத்துவிடவேண்டும். ஆனால் இன்ன கொல்லையின் காய் என்று குறித்துவிட்டால் ஸலம் ஆகாது. அக்கொல்லை பொய்த்தால் விற்றவர் சந்தையில் வாங்கியேனும் கொடுக்கக் கடமைப்பட்டவராக இருத்தல் வேண்டும். கெர்கின் ஒப்பந்தங்களில் விலை பெரும்பாலும் காய் கொடுத்த பின்னரே வருவதால் அவை ஸலத்தின் வரையறைக்குள் வருவதில்லை. அவற்றை வேறு அடிப்படையில் ஆராயவேண்டும். மணற்கொல்லைகளில் வழக்கமாக உள்ள 'பருவத்துக்குப் பேசிவிடுதல்' பற்றி நம் கடலோர ஜமாஅத்துகள் இதுவரை எழுத்தில் ஒரு முடிவும் வைத்ததாக நாம் காணவில்லை. மாலிக்கின் கருத்தைப் பின்பற்றுவதா, பறிப்புக்குப் பறிப்பு விலை பேசுவதா என்பதை உலமாக்கள் கூடிப் பேசவேண்டும். நெல் குத்தகை பற்றி எழுதிய அளவில் பத்தில் ஒன்றுகூட நாம் கொடிப்பயிர் பற்றி எழுதியதில்லை.

மின்ஹாஜை எடுத்துக்கொண்டு நிலத்துக்காரர் இல்லத்துக்குச் சென்றோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அன்று இப்படிச் சொல்லலையே ஹஜ்ரத்?" சொல்லவில்லை, பிழை நம்முடையது என்றோம். சிறிது நேரம் சென்று உள்ளே போய்க் கணக்கு நோட்டைக் கொணர்ந்தார். இரு பறிப்பின் எடையும் அன்றைய விலையும் அதில் எழுதப்பட்டிருந்தன. கூட்டினால் 5,200 ரூபாய் வந்தது. கொடியில் நின்றவற்றுக்கு இன்னும் ஒரு பறிப்பு என்று வைத்து, அதில் பாதியை வியாபாரியின் பெயரில் எழுதினோம். 15,000 ரூபாயை அப்பொழுதே எண்ணிக் கொடுத்தார். மீதியை அடுத்த தைப் பட்டத்துக்குப் பிறகு தருவதாக எழுதிக் கையொப்பமிட்டார்.

கூடை வியாபாரி அந்த ஆண்டே அடகை மீட்க முடியாமல் நகையை இழந்துவிட்டிருந்தார். பணத்தைக் கொடுத்தபோது இரண்டு முறை எண்ணினார். பிறகு, கூடையிலிருந்து நான்கு பிஞ்சுகளை எடுத்து நம் கையில் வைத்தார். மூன்று மெத்தென்றிருந்தன, ஒன்று முள் உறுத்தியது.